இரண்டாவது உரிமம் என்ன விலை?

கேத்ரின் பைப்பரின் வீட்டிலிருந்து நியூ ஹாம்ப்ஷயர் மாநில எல்லை சுமார் 400 கஜம். நடந்தால் ஐந்து நிமிடம். ஆனால் வீடு இருந்தது பக்கத்து மாநிலமான வெர்மான்ட்டில். 1980-ல் அவர் நியூ ஹாம்ப்ஷயர் பார் தேர்வை எழுதித் தேறினார். வழக்கறிஞராக உறுதிமொழி எடுப்பதற்கு முன் எல்லைக்கு இந்தப் பக்கம் குடிவந்துவிட வேண்டும் என்றார்கள். அவருக்கோ கையில் குழந்தை. வெர்மான்ட் வீட்டுக்கு நல்ல வட்டியில் கடனும் அமைந்திருந்தது. விலக்கு கேட்டார், மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. வழக்குப் போட்டார். 1985-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 400 கஜத்தைக் கடக்க ஐந்து ஆண்டு.

மூன்று ஆண்டு கழித்து மேரிலாந்தில் வீடும் வர்ஜீனியாவில் வேலையுமாக இருந்த மிர்னா ஃப்ரீட்மன் அதே வாதத்தை வைத்து வென்றார். தேர்வு எழுதாமல் சேர்பவர்களிடமும் ‘இங்கே குடியிருக்கிறாயா’ என்று கேட்கக் கூடாது என்றானது. குடியிருப்பு என்ற சுவர் அத்தோடு விழுந்தது. மற்ற சுவர்கள் நிற்கின்றன. அவற்றின் உயரத்தைத்தான் இங்கே டாலரிலும் மணியிலும் ஆண்டிலும் அளக்கப் போகிறோம்.

அமெரிக்காவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் ‘அமெரிக்க வழக்கறிஞர்’ அல்ல. 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தனித்தனியே உரிமம் தருகின்றன. நியூயார்க்கில் முப்பது ஆண்டு வாதாடியவர் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சியில் ஓர் உயில் எழுதித் தரக்கூட அந்த மாநிலத்தின் அனுமதி வேண்டும்.

நம் நாட்டுக் கணக்கு நேர்மாறு. 1961-ம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தில் 17(4) பிரிவின்படி ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு மாநில பார் கவுன்சில்களில் பெயர் பதிய முடியாது. பதியத் தேவையும் இல்லை. சென்னையில் பதிந்தவர் பாட்னாவில் வாதாடலாம். நிரந்தரமாக ஊர் மாறினால் 18-ம் பிரிவின்படி பதிவை மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இந்தியாவில் இரண்டாவது மாநிலத்தின் விலை பூஜ்யம். இனி அமெரிக்கப் பேரேட்டைத் திறக்கலாம்.

இரண்டாவது உரிமத்துக்கு மூன்று வழி. மதிப்பெண்ணை மாற்றுவது, அனுபவத்தைக் காட்டிச் சேர்வது, மறுபடி உட்கார்ந்து தேர்வு எழுதுவது. மலிவானது முதலாவது, கொடுமையானது மூன்றாவது.

முழு மதிப்பெண்ணையும் மாற்றிக்கொள்ளும் வசதி 2011 பிப்ரவரிக்குப் பிறகு வந்ததுதான். மிசௌரியும் வடக்கு டகோட்டாவும் அந்த மாதம் ‘யூனிஃபார்ம் பார் எக்ஸாம்’ என்ற பொதுத் தேர்வை முதலில் நடத்தின. சுருக்கமாக யு.பி.இ. நியூயார்க் 2016 ஜூலையில் சேர்ந்த பிறகுதான் அதற்கு மவுசு வந்தது. 39 மாநிலங்கள், வாஷிங்டன் டி.சி., வர்ஜின் தீவுகள் என்று 41 இடங்கள்வரை அது பரவியது. இரண்டு நாள், மொத்தம் 12 மணி நேரம். கொள்குறிக் கேள்விகள் 200, அவற்றுக்கு ஆறு மணி நேரம், பாதி மதிப்பெண். அரை மணிக்கு ஒன்றாக ஆறு கட்டுரைகள், அவற்றுக்கு 30 சதவீதம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்றாக இரண்டு செயல்முறைப் பணிகள், அவற்றுக்கு 20 சதவீதம். மொத்தம் 400.

தேர்வு ஒன்றுதான், தேர்ச்சிக் கோடு வேறு வேறு. மிசௌரியிலும் மின்னசோட்டாவிலும் 260. நியூயார்க், நியூ ஜெர்சி, இலினாய், டி.சி. ஆகிய இடங்களில் 266. டெக்சாஸ், மாசசூசெட்ஸ், பென்சில்வேனியாவில் 270. நியூயார்க்கில் உட்கார்ந்து 268 வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சி அவரை வரவேற்கும். பென்சில்வேனியா வாசலிலேயே நிறுத்திவிடும். 400-க்கு இரண்டு மதிப்பெண் குறைந்ததால், டெலவேர் ஆற்றின் இந்தக் கரையில் சட்ட வல்லுநர், அந்தக் கரையில் தேறாதவர். இந்தப் பத்துப் புள்ளி வித்தியாசம் எந்தக் கட்சிக்காரரைக் காப்பாற்றுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இந்தப் பொதுத் தேர்வைத் தயாரிக்கும் தேசிய அமைப்பின் தலைமையகம் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில். அந்த விஸ்கான்சினே பொதுத் தேர்வில் சேரவில்லை. அங்குள்ள இரண்டு சட்டக் கல்லூரிகளில் படித்தவர்கள் பார் தேர்வே எழுத வேண்டாம், பட்டமே போதும்.

கோட்டைத் தாண்டிய மதிப்பெண் கையில் இருந்தால் செலவு சொற்பம். மதிப்பெண் சான்றை அனுப்பச் சுமார் 30 டாலர். போகும் மாநிலத்துக்கு விண்ணப்பக் கட்டணம் சில நூறிலிருந்து ஆயிரத்தைத் தாண்டும்வரை. தொழில் நெறித் தேர்வு ஒன்று தனியாக உண்டு. 60 கேள்விகள், இரண்டு மணி நேரம். தேர்ச்சிக் கோடு நியூ ஜெர்சிக்கு 75, நியூயார்க்குக்கு 85, கலிபோர்னியாவுக்கு 86. பெரும்பாலோர் படிக்கும்போதே முடித்துவிடுவதால் அது பெரிய செலவில்லை. நியூயார்க் தன் பங்குக்கு 50 கேள்விகளில் ஓர் இணையவழித் தேர்வை வைத்திருக்கிறது. புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதலாம், 30 சரியாக இருந்தால் போதும். அதோடு 50 மணி நேரக் கட்டணமில்லாச் சட்டப்பணி.

ஆனால் மதிப்பெண்ணுக்கு ஆயுள் உண்டு. நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் மூன்றுக்கும் மூன்று ஆண்டு. மிசௌரி ஐந்து ஆண்டு தருகிறது. அலபாமாவில் 25 மாதம். அதற்குப் பிறகு அந்த 268 வெறும் காகிதம்.

இரண்டாவது வழிக்கு அங்கே ‘மோஷன்’ என்று பெயர். தேர்வு கிடையாது, அனுபவத்தைக் காட்ட வேண்டும். பரவலான விதி, கடைசி ஏழு ஆண்டில் ஐந்து ஆண்டு தொழில் செய்திருக்க வேண்டும் என்பது. நியூயார்க்கிலும் அதுதான். கட்டணம் நியூயார்க்கில் 400 டாலர், நியூ ஜெர்சியில் 1,500, அரிசோனாவிலும் கொலராடோவிலும் 1,800, வடக்கு கரோலினாவில் 2,000. இவை அவ்வப்போது ஏறுபவை, இறங்கி யாரும் பார்த்ததில்லை. கட்டணத்துக்கு மேல் நன்னடத்தை விசாரணை வேறு. பத்தாண்டு காலம் குடியிருந்த முகவரிகள், பார்த்த வேலைகள், வாங்கிய கடன்கள், ஏற்கெனவே பதிந்த ஒவ்வொரு நீதிமன்றத்திலிருந்தும் நன்னிலைச் சான்றிதழ், பழைய முதலாளிகளின் உறுதிமொழிப் பத்திரங்கள். முதல் மாநிலம் ஒருமுறை துருவி முடித்ததையே இரண்டாவது மாநிலம் முதலிலிருந்து துருவும். பல மாதங்கள் இதிலேயே போய்விடும்.

நியூயார்க்கின் விதியில் ஒரு கொக்கியும் இருக்கிறது. எங்கள் ஆட்களை நீங்கள் தேர்வில்லாமல் சேர்த்தால்தான் உங்கள் ஆட்களை நாங்கள் சேர்ப்போம். கலிபோர்னியாவும் ஃப்ளோரிடாவும் யாரையும் அப்படிச் சேர்ப்பதில்லை. அதனால் லாஸ் ஏஞ்சலீஸில் இருபது ஆண்டு பெயர் போட்ட ஒருவருக்கு, கையில் வேறு மாநில உரிமம் இல்லையென்றால், மன்ஹாட்டனிலும் மோஷன் கிடையாது. அவர் குற்றம் ஒன்றுமில்லை. அவருடைய மாநிலம் கதவை மூடியதற்கு அவர் தண்டம் கட்டுகிறார்.

இப்போது முதல் இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல மாநிலங்களில் மதிப்பெண் மூன்றாம் ஆண்டோடு காலாவதி. அனுபவம் ஐந்தாம் ஆண்டில்தான் செல்லுபடி. நடுவில் இரண்டு ஆண்டு எந்தக் கதவும் திறக்காது. இளம் வழக்கறிஞருக்குக் கல்யாணம் ஆவதும், கணவனுக்கோ மனைவிக்கோ வேறு மாநிலத்தில் வேலை கிடைப்பதும், நிறுவனம் கிளை மாற்றுவதும் பெரும்பாலும் இந்த வயதில்தான். அப்போது மிச்சமிருப்பது மூன்றாவது வழி. இந்த இடைவெளிதான் மொத்தக் கணக்கிலும் அதிக விலையுள்ள வரி. எந்தக் கட்டண அட்டவணையிலும் அது அச்சாகியிருக்காது.

மறுதேர்வின் விலை என்ன? பயிற்சி நிறுவனத்துக்கு ஆயிரத்து ஐந்நூறிலிருந்து நாலாயிரம் டாலர் வரை. அதை விடுங்கள். பார் தேர்வுக்கு 400 மணி நேரம் படிக்க வேண்டும் என்பது அங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு. வாரத்துக்கு 40 மணி என்றால் பத்து வாரம். மணிக்கு 250 டாலர் வாங்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 400 மணியில் பாதியை மட்டும் வேலையிலிருந்து எடுத்தால் 50,000 டாலர் வருமானம் போகிறது. மீதிப் பாதி தூக்கத்திலிருந்தும் குடும்பத்திலிருந்தும். விண்ணப்பக் கட்டணம் 1,000 டாலரா 2,000 டாலரா என்று விவாதிப்பது இதற்கு முன்னால் சில்லறைப் பேச்சு.

ஃப்ளோரிடா அந்தச் சில்லறையையும் விடவில்லை. வேறு மாநில வழக்கறிஞருக்கு உரிமம் பெற்று எத்தனை ஆண்டு ஆனதோ அதற்கேற்பக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். 1,600 டாலரில் தொடங்கி 3,000 வரை. அனுபவம் கூடக் கூட வாசல் கட்டணமும் கூடுகிறது. ஓய்வுக்காலத்தைக் கடற்கரையில் கழித்தபடி கொஞ்சம் தொழிலும் பார்க்கலாம் என்று வரும் நரைத்த தலைகளுக்காகவே போட்ட வேலி என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். லூசியானா வேறு ரகம். பிரெஞ்சு, ஸ்பானிய வழிவந்த சிவில் சட்ட மரபு; ஒன்பது பாடங்கள், 900-க்கு 650 எடுக்க வேண்டும். மற்ற மாநிலங்களில் படித்ததில் கணிசமான பகுதி அங்கே உதவாது. அதனால் தனித் தேர்வு வைப்பதில் நியாயமாவது உண்டு.

கலிபோர்னியாவில் நான்கு ஆண்டு அனுபவமுள்ள வெளிமாநில வழக்கறிஞருக்கு ஒரு சலுகை. இரண்டு நாள் தேர்வில் 200 கொள்குறிக் கேள்விகளை விட்டுவிட்டு எழுத்துப் பகுதியை மட்டும் ஒரு நாளில் எழுதலாம். கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு டாலருக்கு மேல். சலுகை என்ற சொல்லை நம்பி அலட்சியமாகப் போகக் கூடாது. ஸ்டான்ஃபோர்டு சட்டக் கல்லூரியின் டீனாக இருந்த கேத்லீன் சல்லிவன், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர், நியூயார்க்கிலும் மாசசூசெட்ஸிலும் உரிமம் வைத்திருந்தவர். 2005 ஜூலையில் கலிபோர்னியாவில் எழுதினார், தேறவில்லை. அடுத்த முறை எழுதித்தான் தேறினார். அரசியலமைப்புச் சட்டப் பாடநூல் எழுதியவர் தேறாத தேர்வு, பொதுமக்களைத் திறமையற்றவர்களிடமிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொள்கிறது.

அதே மாநிலம் பணத்தை மிச்சம் பிடிக்கப்போய்ப் பட்ட பாடும் இந்தப் பேரேட்டில் ஏற வேண்டியதுதான். தேசிய அமைப்பின் கேள்விகள் வேண்டாம், நாமே தயாரித்துக்கொள்வோம் என்று 2024-ல் கேப்லன் நிறுவனத்தோடு ஐந்து ஆண்டுக்கு 82.5 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். 2025 பிப்ரவரியில் தேர்வு நடந்தபோது கணினித் திரைகள் உறைந்தன, இணைப்பு அறுந்தது, எழுதியதைச் சேமிக்க முடியாமல் பலர் தவித்தார்கள். போதாக்குறைக்கு, சில கேள்விகள் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு தயாரானவை என்ற செய்தி இரண்டு மாதம் கழித்து வெளிவந்தது. அந்த ஜூலையிலேயே பழைய கேள்வித்தாளுக்குத் திரும்பிவிட்டார்கள்.

உரிமம் வாங்கியதோடு செலவு முடிவதில்லை. அதைத் தின்னக் கொடுத்து வளர்க்கவும் வேண்டும். நியூயார்க் இரண்டு ஆண்டுக்கு 375 டாலர். கலிபோர்னியா 2025-ல் ஆண்டுக்கு 598. ஃப்ளோரிடா ஆண்டுக்கு 265. மூன்றையும் வைத்திருப்பவர் ஆண்டுக்கு 1,050 டாலர் 50 சென்ட் கட்டுகிறார். பத்து ஆண்டில் இதே விலைவாசியில் 10,505. தொடர் சட்டக் கல்வி என்று மணிக்கணக்கும் உண்டு. நியூயார்க்கில் புதியவருக்கு முதல் இரண்டு ஆண்டில் 32 மணி, பிறகு இரண்டு ஆண்டுக்கு 24. கலிபோர்னியாவில் மூன்று ஆண்டுக்கு 25. டெக்சாஸில் ஆண்டுக்கு 15. பென்சில்வேனியாவில் 12. ஒரே வகுப்பை இரண்டு மூன்று மாநிலங்களில் கணக்குக் காட்ட முடிவதால் இது பயமுறுத்தும் அளவுக்குப் போகாது. மேரிலாந்து, மாசசூசெட்ஸ், மிச்சிகன், தெற்கு டகோட்டா, டி.சி. ஆகிய இடங்களில் இந்தக் கட்டாயமே இல்லை. அங்குள்ள வழக்கறிஞர்கள் மற்றவர்களைவிட மக்கு என்று யாரும் நிரூபித்ததில்லை.

மறைந்திருக்கும் செலவுக்கு ஒரு சான்று. நியூயார்க் நீதித்துறைச் சட்டத்தின் 470-ம் பிரிவு 1862-ல் பிறந்தது. நியூயார்க் உரிமம் வைத்திருந்தும் வெளிமாநிலத்தில் குடியிருப்பவர் நியூயார்க்குக்குள் ஓர் அலுவலகம் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில் இருந்த எகடெரினா ஷோனஃபெல்ட் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-க்கு 1 என்ற கணக்கில் பிரிவு செல்லும் என்றது. உச்ச நீதிமன்றம் 2017-ல் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. பைப்பருக்கு வீடு கேட்கக் கூடாது என்றானதே, ஆபீஸ் கேட்கலாமாம். மன்ஹாட்டன் வாடகை என்ன என்று தெரிந்தவர்களுக்கு இதன் விலை புரியும்.

இத்தனை செலவுக்குப் பேசாமல் உரிமமே வாங்காமல் வேலையை முடித்தால்? அதற்கும் விலை உண்டு. 1992-லும் 1993-லும் பிர்ப்ரோவர் என்ற நியூயார்க் சட்ட நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் கலிபோர்னியாவுக்குப் பலமுறை பறந்து போய், ஒரு வணிகத் தகராறில் தங்கள் கட்சிக்காரருக்காகப் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். நீதிமன்றப் படியேறவில்லை, கலிபோர்னியா உரிமமும் இல்லை. தகராறு சமரசத்தில் முடிந்தது. பிறகு கட்சிக்காரரோடு சண்டை வந்தது. பத்து லட்சம் டாலருக்கு மேல் கட்டணம் கேட்டார்கள். 1998 ஜனவரியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், உரிமம் இல்லாமல் இங்கே செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது என்றது. நியூயார்க்கில் உட்கார்ந்து செய்த வேலைக்கு மட்டும் ஏதாவது கிடைக்குமா என்று கீழே அனுப்பி வைத்தது. அந்தத் தீர்ப்பின் அதிர்ச்சிக்குப் பிறகு, 2002-ல் அமெரிக்க பார் சங்கம் தற்காலிக வேலைகளுக்கு இடம் தரும் வகையில் மாதிரி விதியைத் தளர்த்தியது. இரண்டாவது உரிமம் 2,000 டாலர் என்று கேட்டுத் திகைப்பவர்கள் இந்த வழக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஓர் உரிமமே போதும் என்ற துறைகளும் இருக்கின்றன, நம்மவர்களுக்கு மிகப் பழக்கமானது அவற்றில் ஒன்று. குடியேற்றச் சட்டம் மத்திய அரசின் சட்டம். ஏதாவது ஒரு மாநிலத்தில் நன்னிலையில் உரிமம் வைத்திருப்பவர் நாடு முழுவதும் குடியேற்றத் துறை முன்னால் ஆஜராகலாம். டல்லஸில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரரின் எச்-1பி விண்ணப்பத்தை நியூ ஜெர்சி வழக்கறிஞர் தாக்கல் செய்வது இதனால்தான் சாத்தியமாகிறது. அதே வழக்கறிஞர் அதே கோயம்புத்தூர்க்காரரின் டெக்சாஸ் வீட்டுப் பத்திரத்திலோ விவாகரத்திலோ கை வைக்கக் கூடாது. உச்ச நீதிமன்ற பாரில் சேர்வது இன்னொரு வகை. ஒரு மாநிலத்தில் மூன்று ஆண்டு இருந்தவர் 200 டாலர் கட்டிச் சேரலாம். சுவரில் மாட்ட அழகான சான்றிதழ். அதை வைத்து எந்த மாநிலக் கீழ்நீதிமன்றத்திலும் நுழைய முடியாது.

இந்தியாவில் எல்.எல்.பி. முடித்து எல்.எல்.எம்.முக்கு அமெரிக்கா போக நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் ஒரு சுற்று நீளும். நியூயார்க்கில் பார் தேர்வுக்கு உள்நாட்டில் படித்தவருக்குக் கட்டணம் 250 டாலர், வெளிநாட்டில் படித்தவருக்கு 750. நம் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் வழக்கறிஞர் பதிவுக் கட்டணத்துக்கு உறுதிசெய்த உச்சவரம்பும் 750-தான், ரூபாயில். எல்.எல்.எம். வழியாகத் தேர்வுக்குத் தகுதி பெறுவதானால் குறைந்தது 24 கிரெடிட் வேண்டும். அதில் தொழில் நெறிக்கு 2, சட்ட ஆய்வும் எழுத்தும் 2, அமெரிக்கச் சட்ட முறைக்கு 2, பார் தேர்வில் வரும் பாடங்களுக்கு 6 என்று 12 கிரெடிட் ஒதுக்கப்பட்டவை. விருப்பப் பாடம் என்று மனம்போல எடுத்துவிட்டுக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் தகுதி இருக்காது. கல்விக் கட்டணம் கட்டியது கட்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் மேல், மதிப்பெண் மாநிலம் விட்டு மாநிலம் போகும், நம் பட்டம் அப்படிப் போகாது. நியூயார்க் தேர்வில் 290 வாங்கியிருந்தாலும், வெளிநாட்டு எல்.எல்.பி.யை ஏற்காத மாநிலத்தில் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பொதுத் தேர்வின் நாட்களும் எண்ணப்படுகின்றன. 2026 ஜூலையில் மிசௌரி, மேரிலாந்து, ஓரிகன், வாஷிங்டன் முதலிய மாநிலங்கள் ‘நெக்ஸ்ட்ஜென்’ என்ற புதிய தேர்வுக்கு மாறுகின்றன. 12 மணி நேரம் 9 ஆகக் குறைகிறது. நியூயார்க் 2028 ஜூலையில் மாறும். பழைய பொதுத் தேர்வுக்கு 2028 பிப்ரவரி கடைசி.

ஆகவே போகிறவர்கள் கல்லூரிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே எந்த இரண்டு மாநிலங்களில் தொழில் செய்ய விருப்பம் என்று முடிவு செய்யுங்கள். இரண்டு மாநிலங்களும் உங்கள் பட்டத்தை ஏற்கின்றனவா என்று அந்தந்த மாநிலத் தேர்வு வாரியத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேர்ச்சிக் கோட்டில் உயர்ந்ததை இலக்காக வையுங்கள். மதிப்பெண் வந்ததும் இரண்டாவது மாநிலத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். மூன்று ஆண்டு என்பது வேலையும் கடனும் துரத்தும்போது கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.